வசந்தா அக்காவின் பச்சை முட்டை

தில்லி மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது நந்தினி அழைத்தாள். "அக்கா, மம்மி நஹீ ரஹீ, அம்மா போயிட்டாங்க" என்று கத்தி அழுதாள். அது பெட்டி முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

வசந்தா அக்கா அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர். ஈரோட்டுப் பக்கம். கணவர் போன பிறகு மகள் நந்தினியோடு மந்திர் மார்க் அருகே அரசுக் குடியிருப்பில், தரைத்தள வீட்டில் இருந்தார். கொல்லையில் கலப்புக் கோழிகள் வளர்த்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். வேலைக்கு வந்த புதிதில் யாரிடமும் பேசப் பயந்து, சாப்பாட்டு நேரத்திலும் கோப்பைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அக்கா டப்பாவைத் திறந்து என்முன் வைத்தார். அவித்த முட்டைகள். ஒன்று பாலாடை நிறம், ஒன்று செங்கல் நிறம், ஒன்று வெளிர்பச்சை.

"எது வேணும் கண்ணு? வாயத் தொறந்து கேட்டாத்தான் தருவேன்."

"பச்சை."

"பச்சையாவா? நா அவிச்சுல்ல கொண்டாந்திருக்கேன்!"

அந்த அலுவலகத்தில் நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

பச்சை முட்டை இட்டது 'கிளி' என்ற ஒரே கோழி. யாரோ வேண்டாமென்று கொடுத்த சீமைச் சேவலுக்கும் அக்காவின் நாட்டுக்கோழிக்கும் பிறந்தது. மாடி வீட்டு அம்மா, "ரங்க் லகாயா ஹை க்யா?" என்று, சாயம் பூசியதோ எனச் சந்தேகப்பட்டுக் கேட்டபோது, அக்கா முட்டையை அவர் கையிலேயே கொடுத்து, "தேய்ச்சுப் பாருங்க பாபிஜி, சாயம் போனா என்னயக் கேளுங்க" என்றார். சீமைச் சேவல் செத்த பிறகு அக்காவுக்கு ஒரே கவலைதான். "கிளியோட இந்த நெறம் நின்னுறக் கூடாது கண்ணு. நாட்டுச் சேவல் இருக்குதல்ல, அடை வெச்சுக் குஞ்சு எடுக்கோணும்."

இந்தக் கோடையில் இதயம் பலவீனமாகி அக்கா மருத்துவமனையில் சேர்ந்தார். அந்த வாரமே வெயில் தாங்காமல் கிளி செத்தது. நந்தினி போனில் சொன்னபோது நான் கட்டிலருகே இருந்தேன். அக்கா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "பச்சை முட்டை இருக்கறதெல்லாம் பத்திரமா எடுத்து வெய்யி. எனக்கு வேணும்" என்றார்.

மறுநாள் நந்தினி பிளாஸ்க்கோடு ஓடி வந்தாள். "மம்மி, ஜல்தி குடிங்க. பச்சை முட்டை கேட்டீங்கல்ல? பால்ல அடிச்சிருக்கேன். தாக்கத் வரும், தெம்பு வரும்."

"எந்த முட்டை சாமி?"

"க்ரீன்வாலா. அதான் உங்க ஃபேவரிட். இருந்த நாலையும் போட்டுட்டேன்."

தில்லியில் பிறந்த பெண். அம்மா அடை வைக்கக் கேட்ட பச்சை முட்டையை, வேகாத முட்டை என்று நினைத்துவிட்டாள். நான் வாயெடுக்கும் முன்பே அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். நரம்பு புடைத்த அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. டம்ளரை வாங்கி இரண்டு மடக்குக் குடித்தார். "நல்லாருக்கு சாமி. இதத்தான் கேட்டேன்" என்றார். நந்தினி தாழ்வாரத்துக்குப் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கோழிகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

தகனம் முடிந்து வந்த மாலை நந்தினி என் தோளில் சாய்ந்தாள். "மம்மி கடைசியா ஆசைப்பட்டதை நான் குடுத்துட்டேன். ஹை னா, சரிதானே அக்கா?"

"ஆமாம்" என்றேன்.

நந்தினிக்குத் தமிழ் படிக்க வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன். படிக்கும் யாரும் அவளுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம். அந்த வீட்டில் நிறம் போய்விட்டது, அக்காவும் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு மிஞ்சியிருப்பது அந்த இரண்டு மடக்குதான்.

அக்கா, நீங்கள் அழுத்திய மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. சொல்லமாட்டேன். போய் வாருங்கள்.