சேலைக்குள் இருந்த எருமைத் தலை

பாதுகாக்கப்பட்ட சிலைக்குப் பெயர்ப்பலகை வைக்கும் முன், பொறுப்பு அலுவலர் அந்த இடத்துக்குப் போய்ச் சிலையைக் கண்ணால் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். இதுதான் விதி. செங்கல்பட்டுத் தொல்லியல் அலுவலகத்தில் எனக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவர், புத்தகத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதினார்.

அது பேராசிரியர் சுலோசனாவின் புத்தகம். பல்லவர் சிற்பத்தைப் பற்றி எழுதும் எவரும் முதலில் மேற்கோள் காட்டுவது அதைத்தான். எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டு வைத்திருந்தார்கள். விதிப் புத்தகத்துக்கு அட்டையே கிடையாது.

மாமல்லபுரம் போகும் வழியில், வயல் நடுவே ஓர் அம்மன். புத்தகத்தில் அவள் ஜேஷ்டை. பொதுமக்களுக்குப் புரியட்டும் என்று பலகையில் ‘மூதேவி’ என்றும் சேர்த்திருந்தார்கள். புரிந்துவிட்டது.

நான் பொறுப்பேற்ற முதல் நாளே அந்தக் கோயிலின் பூசாரி எல்லம்மாள் வந்து நின்றார்.

“இன்னா சார் இது, எங்காத்தாவ மூதேவின்னு எழுதி நட்டு வெச்சிக்கிறீங்க? ‘இத்தினி வருசம் மூதேவிக்கா கூழு ஊத்திகினு இருந்தோம்’னு ஊரே கேக்குது. போர்டு இருந்தா இந்த ஆடிக்குக் கூழு கெடையாதுன்ட்டாங்க. நீ பாத்தியா சார் அவள?”

“இல்லம்மா, இன்னைக்குத்தான் வந்தேன்.”

“பாக்காமயே பேரா? எங்கூர்ல கொயந்தைக்குக்கூட பாத்துட்டுதான் பேரு வெப்பாங்க.”

பேராசிரியருக்கு ஃபோன் செய்தேன். படூரில் மகள் வீட்டில் இருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். அபிஷேகத்துக்காக எல்லம்மாள் சேலையை அவிழ்த்தார். உள்ளே நின்றவள் துர்க்கை. காலடியில் எருமைத் தலை. பேராசிரியர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் ஃபோட்டோவைப் பார்த்து எழுதினேன்,” என்றார். அந்தப் படத்தில் சேலை ஓரத்தில் கொம்பு வைத்த முகம் ஒன்று எட்டிப் பார்த்ததாம். ஜேஷ்டைக்கு மாட்டு முகத்தோடு ஒரு மகன் உண்டு. அவன்தான் என்று எடுத்துக்கொண்டார். ஜேஷ்டைக்கு உரிய துடைப்பமும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

“அது எங்கம்மா அந்தக் காலத்துல கோயிலப் பெருக்கிட்டு சாத்தி வெச்சதும்மா,” என்றார் எல்லம்மாள்.

யாரும் சிரிக்கவில்லை.

தான் எழுதியது தவறு என்று பேராசிரியர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். படங்களோடு சென்னைக்கு அனுப்பினேன். அங்கே ஒரு நிபுணர் குழு உண்டு. குழுவுக்குப் போகும் குறிப்பில் எழுதியவரின் பெயர் இருக்காது, ‘மனுதாரர்’ என்று மட்டும் இருக்கும். அதுவும் விதிதான். குழுவின் முடிவு வந்தது: மனுதாரரின் கருத்து இத்துறையின் அடிப்படை நூலுக்கு முரணானது, மனுதாரர் அந்நூலைப் படித்துத் தெளிவு பெறலாம்.

அந்தத் தாளை அப்படியே பேராசிரியருக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன்.

“என் புத்தகத்தை நான் படிக்கணுமா?” என்றார். பிறகு, “குழுவுல எல்லாரும் என்கிட்ட படிச்சவங்க சார். ஒருத்தர்கூட அங்க போய்ப் பார்க்கலையா?”

“புத்தகம் இருக்கும்போது எதுக்கு மேடம் போகணும்?”

அச்சில் வந்ததை அச்சில் வந்ததுதான் அசைக்கும். ஓர் ஆய்விதழில் திருத்தக் கட்டுரை எழுதச் சொன்னேன். எழுதினார், வந்தது. அதை இணைத்து மறுபடி அனுப்பினேன். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

“பயைய பொடவைய போட்டு போர்ட மூடிடட்டா சார்?” என்று கேட்டார் எல்லம்மாள்.

பலகையை மறைப்பது குற்றம் என்று சொல்ல வேண்டியிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். மூதேவியை அப்படித்தான் பார்ப்பார்கள் போலும்.

ஊர் சொன்னபடியே செய்தது. ஆடி வெள்ளி ஒவ்வொன்றிலும் எல்லம்மாள் தனியாக ஒரு பானை கூழ் காய்ச்சி வைத்துக் காத்திருந்தார். குடித்தவர்கள் அவரும், படூரிலிருந்து கார் பிடித்து வந்த பேராசிரியரும்தான். மீதி மாட்டுத் தொட்டிக்குப் போனது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரிய புத்தகத்தைப் படியுங்கள், மேற்கோள் காட்டுங்கள். ஆனால் பலகை எழுதும் முன் ஒரு வெள்ளிக்கிழமை போய், சேலை மாற்றும்வரை நின்று பாருங்கள்.

பலகையை மாற்றலாம் என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. வந்த தேதி, ஆவணி ஒன்று.