சக்கரம் வைத்த வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்

காலை ஒன்பது மணிக்குப் போடியை விட்டுக் கிளம்ப வேண்டியது. கிளம்பியபோது மணி பன்னிரண்டு. எண்பத்தொண்ணாம் வருஷம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற ஒரு தகரக் கூரை வண்டிக்குள் என் மாமியார் பால் காய்ச்சினார். பால் பொங்கி, சூடம் காட்டி முடிப்பதற்குள் ராகுகாலம் வந்துவிட்டது. அது முடிகிற வரைக்கும் கட்டின மூட்டையோடு தெருவில் நின்றோம்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போடிமெட்டுக்கு ஏறுகிற சரிவில் எங்களுக்கு மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். போன வருஷம் பறிப்புக்கு முந்தின ராத்திரி எவனோ புகுந்து பாதிக் காயை உருவிக்கொண்டு போய்விட்டான். இந்த வருஷமும் களவு போனால் தோட்டத்தை விற்றுவிடுவது என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. அதனால் நானும் என் வீட்டுக்காரரும் அங்கேயே தங்கிக் காவல் இருப்பதென்று ஏற்பாடு. அட்டை ஊர்கிற சாக்குக் கொட்டகையில் படுக்க மாட்டேன், நாலு சுவரும் பூட்டுகிற கதவும் இருந்தால் வருகிறேன் என்று வாயை விட்டேன். மனுஷன் மறுநாளே முற்றத்தில் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

நாலு மாசம்! காயலான் கடை ஜீப்பு அச்சு, தேயிலைப் பெட்டிப் பலகையில் சுவர், மேலே தகரம், உள்ளே ஒரு கட்டில், அடுப்பு மேடை. சோற்றுப் பானைக்குள்ளெல்லாம் மரத்தூள். நீளம் ஒன்பதடிக்கு மேல் போனால் மலை வளைவில் திரும்பாது என்று ஜீப்பு ஓட்டுகிற செல்லப்பாண்டி அண்ணன் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். மனையடி சாஸ்திரத்துக்கு ஒன்பது ஆகாது, பத்தடி வை என்றார் மாமியார். பத்தடி வைத்தாயிற்று. அடுத்தது கதவு. வண்டி முற்றத்தில் வடக்கே பார்த்து நின்றது. கதவைப் பின்பக்கம் வைக்கலாம் என்று இவர் ரம்பத்தை எடுத்தார்.

"குடியிருக்கிற எடத்துக்குத் தெக்க வாசல் வப்பாகளா? கெழக்க வையிப்பா" என்றார் மாமியார்.

கிழக்கே, அதாவது வண்டியின் வலப்பக்கம், கதவு வந்தது. ஊர் ஊராக இழுத்துப் போகிற வண்டிக்கு ஏது கிழக்கு, ஏது தெற்கு? அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

மணி ஒன்று, முந்தல். மலை ஏறுமுன் டீக்கடையில் நிறுத்தினோம். சர்க்கஸ் வண்டியா என்றார் ஒருவர். சவ வண்டியா என்றார் இன்னொருவர். இவர் பெருமையாகக் கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோதே எஸ்டேட்டுக்குப் போகிற இரண்டு பெண்கள் மூட்டையோடு உள்ளே ஏறிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்கள். மேலதானே போறீக என்று என்னையே கேட்டார்கள்.

அதற்கப்புறம் வளைவுகள். எந்த வளைவிலும் வண்டி ஒரே மூச்சில் திரும்பவில்லை. கூடுதலாக வைத்த அந்த ஓரடி ஒவ்வொரு தடவையும் தடுப்புச் சுவரில் போய் முட்டியது. கொக்கியைக் கழற்று, கையால் தள்ளு, மறுபடி மாட்டு. சக்கரத்துக்குக் கல் போடுகிற சோலி எனக்கு. பின்னால் நின்ற பஸ்சுக்காரர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. நல்ல வேளை, மூட்டைக்காரப் பெண்கள் இறங்கித் தள்ளினார்கள்.

மாலை ஐந்து மணிக்குத் தோட்டம். சரிவை வெட்டி ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் செய்திருந்தோம். வலப்பக்கம் மலைத் திட்டு, இடப்பக்கம் இரண்டு முழம் விட்டால் பள்ளம். செல்லப்பாண்டி அண்ணன் திட்டோடு ஒட்டி நிறுத்திக் கொக்கியைக் கழற்றினார். நான் இறங்கிப் பார்த்தேன். கதவு திட்டுக்குள் புதைந்த மாதிரி நின்றது. சட்டி, அரிசி, படுக்கை எல்லாம் உள்ளே. ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தச் சொன்னேன். விளிம்பு மழையில் ஊறிக் கிடக்கு, உருண்டா பொறுக்க ஆள் இல்லை என்றார் அண்ணன். திருப்பி நிறுத்த வேண்டுமானால் ரோட்டுக்கு இறங்கிப் பின்னோக்கியே ஏற்றிக்கொண்டு வர வேண்டும், அதற்குள் இருட்டிவிடும். இவர் தலையைச் சொறிந்தார். போடிக்குப் போய்ட்டு நாளைக்கு வெரசா வந்துருவோம் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "நாளைக்கு வந்தா செடிதான் இருக்கும், காய் இருக்காது. அருவாளக் கொண்டாங்க, இந்தப் பக்கத்தப் பொளந்துருவோம்."

"கதவு கெழக்குன்னா இந்தப் பக்கம் மேக்காச்சே. அம்மா என்ன சொல்லும்?" என்றார் இவர்.

முதல் வெட்டு நான் போட்டேன். அப்புறம் இவரே அரிவாளை வாங்கி இடப்பக்கப் பலகையை ஆள் நுழைகிற அளவுக்குப் பிளந்தார். கதவுக்குப் பதில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டோம். எந்தச் சாக்குக்குப் பயந்து நாலு மாசம் மரத்தூள் தின்றேனோ, அதே சாக்கு. லாந்தரை வெளியே மாட்டிவிட்டு வாய்க்கு வந்தபடி இவரைத் திட்டிக்கொண்டே படுத்தேன்.

காலையில் முகத்தில் வெயில் அடித்து எழுந்தேன். போடிப் பக்கத்துச் சமவெளிக்கு அந்தாண்டை சூரியன் ஏறிக்கொண்டிருந்தது, நாங்கள் வெட்டின பொத்தலுக்கு நேர் எதிரே. அத்தனை வளைவு திரும்பி வந்ததில் வண்டி தெற்கே பார்த்து நின்றிருக்கிறது; இடப்பக்கம்தான் கிழக்கு. ராசிங்காபுரத்துப் பறிப்பு ஆட்கள் கூடையோடு வந்தார்கள். காய் ஒன்றுகூடக் குறையவில்லை.

பறிப்பு முடிந்து நாங்கள் மட்டும் போடிக்கு இறங்கினோம். வண்டியை மேலேயே விட்டுவிட்டோம். வீட்டுக்குள் கால் வைத்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, வாசல் கிழக்கே பார்த்துத்தானே இருந்தது என்பது. இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா அத்தே, வெயிலு நேரா உள்ள வந்துச்சு" என்றேன்.