குற்றால மலையில் நான் மயங்கி விழுந்த நாள்

கொரோனா வந்த முதல் வருடம், ஐப்பசி மாதம். குற்றாலத்தில் அருவி ஆர்ப்பரித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. குளிக்கத்தான் ஆள் இல்லை. அருவிக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருந்தார்கள். எண்ணெய்க்கடை, சிப்ஸ் கடை எல்லாம் சாத்திக் கிடந்தன. அந்த வெறிச்சோடிய ரோட்டில் எங்கள் ஜீப் மட்டும் மலைப்பக்கம் திரும்பியது. உள்ளே நான், ஒரு நர்ஸம்மா, டிரைவர். பின்சீட்டில் ஐஸ் பெட்டி.

நான் தென்காசியில் லேப் டெக்னீஷியன். சொந்த ஊர் சுரண்டைப் பக்கம். ரத்தம் எடுப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. காய்ச்சலோடு படுத்தவர்களைக் கணக்கெடுப்பது சுலபம். ஆனால் நோய் வந்ததே தெரியாமல் நடமாடியவர்கள் எத்தனை பேர்? ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று பார்த்தால்தான் அது தெரியும். அப்படி ஒரு கணக்கெடுப்புக்காக மலையில் பழங்குடி மக்கள் இருக்கும் ஒரு சின்னக் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கே போய் ரத்தம் எடுத்து வர என்னைக் கூப்பிட்டார்கள்.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர். பச்சைப்பிள்ளை, பருமனான ஆள், வெயிலில் வற்றிப்போன ஆச்சி, யாராக இருந்தாலும் இரண்டாவது குத்து கிடையாது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

யாருக்கும் தெரியாத ஒரு விஷயமும் இருந்தது. என் கையிலிருந்து நான் ஒரு தடவைகூட ரத்தம் எடுக்க விட்டதில்லை. படிக்கிற காலத்தில் ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழகச் சொன்ன நாளில், காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறியவன் நான். டாக்டர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த சீட்டுகளை எல்லாம் சட்டைப்பையிலேயே வைத்துத் துவைக்கப் போட்டிருக்கிறேன். என் மனைவிக்கு மட்டும் இது தெரியும்.

ஜீப் போகாத இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தோம். தகரக் கூரை போட்ட அங்கன்வாடியில் மேஜையைப் போட்டு, ட்யூப்களை அடுக்கி, பேப்பர்களை எடுத்து வைத்தோம். வெளியே நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை. நர்ஸம்மா இரண்டு முறை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். எழுந்திருப்பதாகத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு பெண் எழுந்து வாசலுக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். தேனும் கடுக்காயும் சேகரித்துக் கீழே கொண்டுபோய் விற்பவர் என்று பிறகு தெரிந்தது.

"ஆறு மாசமா எங்க தேனை வாங்க மாட்டேங்காங்க சார். நோயைக் கொண்டாருதோம்னு கடைக்காரங்க எட்ட நிக்கச் சொல்லுதாங்க. தேனு வேண்டாம், ரத்தம் மட்டும் வேணுமோ?"

கேள்வி நியாயமாக இருந்தால் மனிதனுக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. எல்லாம் உங்கள் நல்லதற்குத்தான் என்று ஆரம்பித்து, அலுவலகத் தமிழில் ஏதேதோ சொன்னேன். அவர் அசையவில்லை. ஊசி என்றால் பயம், அதை மறைக்கத்தான் தேனை இழுக்கிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். இதுக்குப் போயி இப்படிப் பயப்படுதியளே" என்று சிரித்தேன்.

அவர் என் கையைக் காட்டினார். "அப்படியா? அப்ப உங்க கையில எடுத்துக் காட்டுங்க. நாங்க பாக்கோம்."

வெளியே இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

இந்தக் கணக்கெடுப்பில் என் பெயர் இல்லையே, ஒரு ட்யூப் வீணாகுமே என்று என்னென்னவோ சொல்லத் தோன்றியது. சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. விருப்பமில்லை என்றால் 'மறுப்பு' என்று எழுதிவிட்டு இறங்கிவிடலாம். சுலபமான வழி அதுதான். ஆனால் 'மலையில இருக்கவங்களுக்கு இதெல்லாம் வராது' என்று கீழே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. வராது என்று முடிவு கட்டிவிட்டால், மருந்தோ உதவியோ அந்த மலைக்குக் கடைசியாகத்தான் ஏறும். ஒரு முழுக் குடியிருப்பையும் 'மறுப்பு' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இத்தனை பேர் பார்க்கப் பின்வாங்கவும் வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், வெட்கம்தான் அதிகம்.

நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தேன். நர்ஸம்மா ரப்பர் பட்டையைக் கட்டினார். பட்டை இறுகியதும் நான் கையை இழுத்துக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார். "அண்ணாச்சி, வேண்டாம்னா விட்ருவோம்" என்று காதோரம் சொன்னார். நான் 'எடுங்க' என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

ட்யூப்பில் என் ரத்தம் ஏறியது ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு கறுப்பாகவா இருக்கும் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது தகரக் கூரை. தரையில் மல்லாந்து கிடந்தேன். தலைக்கு யாரோ ஒரு சாக்கைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் ஒரு பெரிய இலையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். ஜன்னலில் பத்துப் பதினைந்து முகங்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தண்ணீரில் தேனைக் கரைத்து ஒரு டம்ளரில் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்தபடியே உண்மையைச் சொன்னேன். "எனக்குத்தான் பயம். இருபது வருஷமா ஊரு உலகத்துக்கெல்லாம் குத்துதேன். எனக்கு ஒருநாளும் குத்த விட்டதில்ல. எறும்புக்கடின்னு சொன்னது பொய்."

முதலில் அந்தப் பெண்தான் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை அது. பக்கத்தில் உட்கார்ந்து, "இப்பச் சொல்லுங்க. எதுக்கு இந்த ரத்தம்?" என்றார்.

இந்த முறை எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். இப்போது நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இல்லை. எப்போதாவது வந்துவிட்டுப் போயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அவர் திரும்பி மற்றவர்களிடம், "ஆனை வந்துட்டுப் போன தடம் பாக்கோம்லா, அந்த மாதிரி. ஆனை இப்ப இருக்கான்னு பாக்கல" என்றார். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் அரை நாள் படம் போட்டுக் காட்டியது அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது.

அவர்களுடைய பயமும் அப்போதுதான் வெளியே வந்தது. தடம் இருந்தால் ஆம்புலன்ஸ் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று பயந்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் கீழே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அவர் மூன்று விஷயம் கேட்டார். யாரையும் வண்டியில் ஏற்றக் கூடாது. முடிவு வந்ததும் நானே இங்கே வந்து சொல்ல வேண்டும். யாருக்கு இருந்தது என்று கீழே பேசக் கூடாது. பின்னிரண்டுக்கும் நான் அங்கேயே வாக்குக் கொடுத்தேன். முதலாவது என் கையில் இல்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். சிக்னல் கிடைக்கும் ஒரு பாறைவரை டிரைவர் ஏறிப்போய் எங்கள் அதிகாரிக்குப் போன் போட்டார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். டிரைவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "யாரையும் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு அதிகாரியே சொல்லிட்டாரு. பழைய தடத்துக்கெல்லாம் வண்டி வராதாம்" என்று வாசலிலிருந்தே கத்தினார்.

அந்தப் பெண் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். எனக்கு இன்னும் தலை கிறுகிறுத்தது. "வலிக்கும். அந்தப் பக்கம் பாருங்க" என்றேன். அவர் பார்வையை எடுக்கவில்லை. ஊசி இறங்குவதையும், ட்யூப் நிறைவதையும், நான் பஞ்சு வைப்பதையும் முழுவதும் பார்த்தார். முடிந்ததும் எழுந்து வாசலைப் பார்த்து, "நான் விழல" என்றார். குடியிருப்பே சிரித்தது. அதற்குப் பிறகு வரிசையை ஒழுங்குபடுத்துவதுதான் எங்களுக்கு வேலையாக இருந்தது. பட்டியலில் இல்லாதவர்கள்கூட, "எனக்கு ஏன் இல்ல?" என்று சண்டைக்கு வந்தார்கள்.

நாலு மணிக்குப் பட்டியலில் கடைசிப் பெயரையும் முடித்தோம். நர்ஸம்மா பேப்பரை எடுத்து என்னிடம் காட்டினார். 'மறுப்பு' என்ற கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருந்தது. இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வழியிலிருந்த ஓடையில் தண்ணீர் இடுப்பளவு ஏறியிருந்தது. அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த இரண்டு பேர் கூடவே வந்து, ஐஸ் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கடத்திவிட்டார்கள். ஒரு ட்யூப்கூட உடையாமல் லேபுக்குப் போய்ச் சேர்ந்தது.

முடிவுகள் வந்தபோது, எல்லோருக்கும் போனில் தகவல் போகும் என்றார்கள். அங்கே எத்தனை பேரிடம் போன் இருக்கிறது? பேப்பராகத் தாருங்கள் என்று நான்கு நாள் நடையாக நடந்து வாங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் நர்ஸம்மாவும் மலை ஏறினோம். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னோம். சிலருக்குத் தடம் இருந்தது, பலருக்கு இல்லை. மலைக்கு வராது என்ற பேச்சு அன்றோடு எங்கள் அலுவலகத்தில் நின்றது.

என் ட்யூப்பை நர்ஸம்மா அன்றே தனியாகப் பெயர் எழுதி வைத்திருந்தார். லேபில் அனுமதி வாங்கி அதையும் பார்த்திருந்தார்கள். என் முடிவை மட்டும் எல்லோர் முன்னாலும் நானே வாசித்தேன். எனக்கு வந்துவிட்டுப் போயிருந்தது! ஒரு தும்மல்கூட இல்லாமல், எப்போது என்றே தெரியாமல். அவர்களைச் சோதிக்கப் போன எனக்குத்தான் தடம். அந்தப் பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "இனிமே நாங்கதான் சார் உங்கள எட்ட நிக்கச் சொல்லணும்" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த வருடம் தடுப்பூசி வந்தபோது, கீழே பல தெருக்களில் ஆட்களைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருந்தது. மலையிலிருந்து மட்டும் அவர்களாகவே சொல்லி அனுப்பினார்கள். 'எப்ப வருதிய?' என்று கேட்டு. போய் இறங்கியபோது வரிசை தயாராக நின்றது. அந்தப் பெண்தான் ஒவ்வொருவரிடமும், "பயமாத்தான் இருக்கும். இருந்தா என்ன, வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று என் கையிலும் ஊசி ஏறியது, அவர்கள் வரிசையிலேயே நின்றேன். மயக்கம் வரவில்லை. கைதட்டினார்கள்.

இருபது வருடத்தில் எத்தனையோ பேர் என்னைக் கெட்டிக்காரன் என்று பாராட்டியிருக்கிறார்கள், அதெல்லாம் மறந்துவிட்டது. என் பயத்தைப் பார்த்த பிறகும் என்னை நம்பிக் கையை நீட்டினார்களே, அந்த ஒரு சாயங்காலத்தின் தைரியத்தில்தான் இன்றும் நான் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.