ஒரு முகம், இரண்டு வயசு!

"மேடம், அந்தப் பக்கம் வேணாம்... இப்படித் திரும்புங்க!"

போன ஆனி மாதம், என் பெண்ணின் நிச்சயதார்த்தத்தில் போட்டோகிராஃபர் தம்பி இதை நாலாவது முறையாகச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்றேன். இடது கன்னம், ஐம்பது வயசுக்குப் பரவாயில்லை. வலது கன்னம்? கசக்கிப் போட்ட காகிதம்!

தையில் கல்யாணம். ஆல்பம் முழுக்க ஒருக்களித்தே நிற்பதா? விடுவேனா! அடுத்த நாளே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, அம்பத்தூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன்.

"கார் ஓட்டறீங்களா?" என்றார்.

"எங்க டாக்டர் காரு! திருநின்றவூர்லேருந்து சென்ட்ரலுக்கு ட்ரெயின்தான். பத்தொன்பது வருஷமா வலது பக்க ஜன்னல் சீட்!"

பெருமையாகத்தான் சொன்னேன். அந்தச் சீட்டுக்காக நான் போட்ட சண்டைகள் கொஞ்சமா? டாக்டரம்மா சிரித்துவிட்டார். காலை வெயில் மொத்தமும் அந்தக் கன்னத்தில்தானாம். சாயங்காலம் கூட்டத்தில் நின்றுகொண்டே வருவதால் இடது கன்னம் பிழைத்தது.

"போடாக்ஸ் ஊசி போட்டுடலாமா?" என்றேன்.

"அது முறைச்சு முறைச்சு நெத்தியில விழற கோட்டுக்கும்மா. பள்ளத்தை நிரப்ப ஃபில்லர் இருக்கு. வெயில் சுருக்கத்துக்கு மேல்தோலை உரிக்கற பீலிங், லேசர் எல்லாம் இருக்கு. ஆனா சன்ஸ்கிரீன் போடாம எதைச் செஞ்சாலும் வீண். முதல்ல அது. ராத்திரிக்கு ஒரு க்ரீம் தரேன். பொறுமையா இருங்க."

மறுநாள் லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏறினால்... என் சீட்டில் மல்லிகா! பாரிமுனை ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். கர்ச்சீப் போட்டு இடம் பிடிப்பதில் எனக்குச் சரியான போட்டி.

"நேத்து நீ வரல. இனிமே இது என் சீட்டு" என்றாள்.

நான் சண்டை போடவில்லை. வெயில் கதையைச் சொன்னேன். இரண்டு கன்னத்தையும் திருப்பித் திருப்பிக் காட்டினேன். சன்ஸ்கிரீன் விஷயத்தை மட்டும்... சொல்லவில்லை.

மல்லிகா துள்ளி எழுந்தாள். "ஐயே! இந்த ஜன்னலே எனக்கு வோணாம்டி. நீயே குந்து!"

குந்தினேன். முகத்தில் சன்ஸ்கிரீன், வலது கன்னத்தை மறைத்துத் துப்பட்டா, ஜிலுஜிலுவென்று காற்று. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாகச் சண்டையே இல்லாத சீட்! ஏழு மாதம் அதை அனுபவித்தேன். ராத்திரி க்ரீமை ஒருநாளும் விடவில்லை.

கல்யாணத்தன்று அதே போட்டோகிராஃபர். "எந்தப் பக்கம் வேணாலும் திரும்புங்க மேடம்!"

கோடுகள் அடியோடு போய்விடவில்லை. மழுங்கியிருந்தன, அவ்வளவுதான். ஆனாலும் ஊசி இல்லை, லேசர் இல்லை... ஜெயித்துவிட்டேன்! சம்பந்திகள் பார்க்காதிருந்தால் மேடையிலேயே ஒரு குத்து டான்ஸ் போட்டிருப்பேன்.

வாழ்த்த வந்த மல்லிகா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இன்னாடி இது? டெய்லி ஜன்னலாண்ட குந்திகினு வர்றே... மூஞ்சி எப்டி இம்மாம் பளபளன்னு கீது?"

ஜெயித்தவளுக்கு வாய் சும்மா இருக்குமா? சன்ஸ்கிரீன் பெயர் முதற்கொண்டு உளறிக் கொட்டிவிட்டேன்.

போன திங்கட்கிழமை ரயில் ஏறினேன். ஜன்னலோரத்தில் மல்லிகா. மடியில் புத்தம்புது ட்யூப்.

"நீ எந்தப் பக்கம் வேணா நின்னுகினு வா," என்றாள். "ரெண்டு கன்னமும்தான் நல்லா கீதே!"