ஒல்லி நுனியும் ஊரார் யோசனையும்

கல்கத்தாவில் நாற்காலி செய்பவனுக்கு யாரும் யோசனை சொல்வதில்லை. வில் செய்பவனுக்குச் சொல்லாதவர்கள் காளிகாட்டில் குடியிருப்பதே இல்லை. எழுபதுகளில் என் தச்சுப்பட்டறை அங்கேதான் இருந்தது. கையால் எதையாவது செய்து பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

தகப்பனாரின் கவலை

கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த சீனிவாசனின் மகள் வசந்திக்கு மாநில வில்வித்தை அணித் தேர்வுக்கு ஒரு வில் வேண்டியிருந்தது. அவள் பழகும் கிளப்பில் வெளிநாட்டு வில் ஒன்றே ஒன்று. அது காரியதரிசி கோஷ் பாபுவின் தங்கை பிள்ளைக்கென்று பிரம்மாவே எழுதி வைத்தது. ஆக, என் மரவில் சரியாக வந்தால்தான் வசந்தி தேர்வுக்கே போக முடியும்.

முன்பக்கம் வளைந்த நுனி எவ்வளவுக்கெவ்வளவு ஒல்லியோ, அம்பு அவ்வளவுக்கவ்வளவு வேகம் என்று சீனிவாசனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க பொண்ணு நல்லா சாப்பிடறவ சார், நுனியைக் கொஞ்சம் தடியாவே வச்சுடுங்க!"

முதல் வில்

ஒல்லி மோகத்தில் நுனியின் அகலத்தையும் இழைத்தேன், கனத்தையும் இழைத்தேன். கோஷ் பாபு முன்னிலையில் நாணை இழுத்ததும் நுனி பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டது. நாண் நழுவியது. வில் படீரென்று புரண்டு, நான் பாதி குடித்திருந்த டீயை மண் குவளையோடு சாய்த்தது. எனக்கு உயிரே போயிற்று. கோஷ் பாபு முகத்தில் அப்படியொரு மலர்ச்சி: "அம்பைப் பற்றித் தெரியாது மோஷாய், வில் பிரமாதமாகப் பாய்கிறது!"

தோசைக்கல் வைத்தியம்

அடுத்த வில்லின் நுனி முன்னாலிருந்து பார்த்தால் சுண்டுவிரல் ஒல்லி. பக்கத்திலிருந்து பார்த்தால் நல்ல கனம். வளைவில் ஈட்டி மரத் துண்டு ஒன்றை ஒட்டி, நாண் நடுவில் படியும்படி அரத்தால் பள்ளம் போட்டேன். இனி முறுக்காது. ஆனால் கல்கத்தா மழையில் பசை காய வேண்டுமே! பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு வில்லை அதில் வைத்தேன். லோட்ஷெட்டிங் என்னும் மின்வெட்டு என் பல்பைத்தான் முதலில் தேடி வந்தது. கடைசியில் பக்கத்து டிபன் கடை மணி அண்ணனின் தோசை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினேன். மறுநாள் அவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "தம்பி, உன்னோடது ஒரு பக்கம் வெந்துடுச்சு, திருப்பிப் போடவா?"

கார்த்திக்குக்கு வேண்டுமாம்

துர்கா பூஜைக்குச் சந்தா கேட்டு வந்த பேட்டைப் பையன்கள் வில்லைப் பார்த்துவிட்டார்கள். துர்க்கையின் மகன் கார்த்திக் சிலையின் கையில் வைக்க இதுதான் வேண்டுமாம். இது ஒரு பெண்ணின் தேர்வுக்கு என்றேன். இழுத்தால் தாங்குமா என்று நானே பயந்துகொண்டிருக்கிறேன் என்றும் உளறிவிட்டேன். அவர்கள் தலைவன் என்னை அண்ணனாக்கி உடனே அபயம் அளித்தான்: "அப்படியென்றால் எங்களுக்கே கொடுங்கள் தாதா, எங்கள் கார்த்திக் ஒருநாளும் இழுக்க மாட்டான்!"

மைதானத்தில்

தேர்வன்று வசந்தி நாணை இழுத்தபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நாண் நழுவவில்லை, நுனி முறுக்கவில்லை. கடைசி அம்பு வரை அப்படியே நின்றது. வெளிநாட்டு வில் பின்தங்கியது. அணியில் வசந்தியின் பெயரை வாசித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோசை வாசனை மாறாத அந்த வில்லை கோஷ் பாபு வாங்கி, தடவி, முகர்ந்தும் பார்த்தார். "என் தங்கை பிள்ளைக்கும் இதே மாதிரி ஒன்று செய்யுங்கள் மோஷாய், நுனி மட்டும் கொஞ்சம் தடியாக!"

முறுக்கிக்கொள்ளாத நுனியை ஒருவழியாகச் செய்துவிட்டேன். யோசனை சொல்லாத வாயைச் செய்யத் தெரிந்த தச்சன் எவனாவது இருந்தால் அவன் பட்டறையில் எடுபிடி வேலைக்கு நான் தயார்.