சுருளியம்மாளின் பூச்சரிவு

சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவள் சுருளியம்மாள். புருஷன் நல்லதம்பி கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை வெட்டுகிற கையாலேயே அவளையும் அடிப்பான். குழம்பில் உப்பு குறைந்தாலும் அடி, தூறல் நிற்காவிட்டாலும் அடி. ஒருமுறை விறகுக் கட்டையால் அடித்ததில் இடது காது மந்தமாகிப் போனது.

எழுபத்து நாலாம் வருஷத்து மழையில், தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவில் மண் கரையத் தொடங்கியது. மானேஜர் பங்களாத் தோட்டக்காரர் கந்தப்பனிடம் சொன்னாள். மண்ணைப் பிடித்து நிறுத்தும் என்று, அங்கே கல்கட்டெல்லாம் படர்ந்து கிடந்த கொடியில் ஒரு கூடை அறுத்துக் கொடுத்தார். நாட்வீட் என்று பங்களாவில் அதற்குப் பேர். இலையில் அம்புபோல ஒரு பழுப்புக் கோடு. பூ, சுண்டைக்காய் அளவு இளஞ்சிவப்பு உருண்டை.

"கணு மண்ணுல படுற மாதிரி ஊனு தாயி. பட்ட எடமெல்லாம் வேர் எறங்கும்."

பனிக்காலத்தில் சரிவு முழுக்கப் பூ. லயத்துப் பெண்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். அவள் செய்த ஒன்றை நாலு பேர் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

யாரோ நல்லதம்பியிடம் கந்தப்பன் பேரைச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாராயக்கடையிலிருந்து நேரே வந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்தான்.

"அவென் குடுத்த பூவாடி? என் வீட்டுப் பொறத்தால அவென் பூவா?"

கொடியைக் கொத்துக் கொத்தாக இழுத்து வெட்டினான்.

"செடிய விட்ருங்க. என்னைய அடிங்க!"

குறுக்கே பாய்ந்து கொடியைப் பிடித்தாள். கத்தி நிற்கவில்லை. வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பூக்களுக்கிடையில் விழுந்தன.

அவன் மறுபடி ஓங்கினான். இத்தனை வருஷம் குனிந்து வாங்கியவள் இந்த முறை குனியவில்லை. இடது கையில் அகப்பட்ட மண்வெட்டியை அவன் முழங்காலில் இறக்கினாள். எலும்பு முறிந்தது. விழுந்தவனை இன்னும் இரண்டு போட்டாள். பக்கத்து வீட்டு வேலுத்தாய் ஓடி வந்து இடுப்பைக் கட்டிப் பிடிக்காவிட்டால் தலையிலும் போட்டிருப்பாள்.

இருவரையும் ஒரே ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். வழியெல்லாம் அவன் வைதான். அவள் ரத்தம் ஊறிய முந்தானையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிறகு வேலையாட்களை மேய்க்கும் கங்காணி சமாதானம் பேச வந்தார். "சேந்து இரு தாயி. ஆம்பளன்னா அப்பிடித்தான்."

"இன்னொரு காலு நல்லாத்தான இருக்கு? அதுல நடந்து அவுக அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

அம்மா வீடு இருந்த போடிக்குப் போனவன் திரும்பவில்லை. கொழுந்து எடுக்க முடியாதவளைத் தேயிலை நாற்று வளர்க்கும் நர்சரியில் போட்டார்கள். தையல் பிரிக்கும் முன்பே, மிஞ்சிய கொடிகளை ஒற்றைக் கையால் ஊன்ற ஆரம்பித்தாள். கந்தப்பன் வந்து, "என்னாலதான தாயி இம்புட்டும்," என்று கண்கலங்கி நின்றார்.

"ஒங்களால இல்லண்ணே. அந்த ஓரத்துல கொஞ்சம் மண்ண அணைங்க," என்றாள்.