மாஸ்டரின் மனசு சட்டியில் இறங்கும்

மாஸ்டர் மனசில் எதுவோ, அதுதான் சட்டியில் இறங்கும். எச்சில் தட்டு கழுவ வந்த ஆள், சொந்தமாக ஓட்டல் போட்டு ஊரையே தன் மேசைக்கு வரவழைத்தார் என்றால் சும்மாவா? அவர் சிரித்துக்கொண்டே வதக்கினால், சாப்பிட்டவர்கள் காரணமே இல்லாமல் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொள்வார்கள். எதிரே புது ஓட்டல் திறந்த அன்று அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல். அன்றைக்குச் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் நிஜமாகவே வயிறு எரிந்தது. மருந்துக்கடைக்காரர் மட்டும் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மகளுக்குத் தூர ஊரில் வேலை. ஏற்கெனவே ஒரு வேலையைப் பயந்துகொண்டு விட்டவள். பெட்டி கட்டியாயிற்று, வண்டிக்கு நேரமாகிறது. "அப்பா கையால சாப்பிட்டாத்தான் கிளம்புவேன்" என்று நிற்கிறாள்.

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கரண்டியை எடுத்தார். மனைவி கரண்டியைப் பிடுங்கினாள்.

"இந்த மூஞ்சியோட கிண்டுனா, புள்ள ஒரு வாய் தின்னுட்டுப் பெட்டியப் பிரிச்சிடுவா. தள்ளுங்க, நான் ஆக்குறேன்."

"நீ ஆக்குனா அவ பசியோடல்ல போவா."

"இத்தன வருஷம் அதத் தின்னுதான உடம்ப வளத்தீங்க?"

"அதனாலதான் ஓட்டலே வச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரண்டி கைமாறியது.

மகளை நினைத்தால் கண் கலங்குகிறது. ஆகவே மாஸ்டர் தன்னையே நினைத்துக்கொண்டார். அது அவருக்கு அப்படியொன்றும் சிரமமான காரியமில்லை. தட்டு கழுவிய காலத்தில் தன்னை முறைத்த முதலாளியே பிறகு தன் கடை வாசலில் இடத்துக்குக் காத்து நின்றதை நினைக்க நினைக்க நெஞ்சு நிமிர்ந்தது. கோழியும் தளதளவென்று கொதித்தது.

மகளுக்குப் பாதிச் சோற்றிலேயே முதுகு நேரானது.

"அந்த ஆபீசுக்கு என்னைய விட்டா வேற யாருப்பா கெடைப்பாங்க?"

"எவளும் கெடைக்க மாட்டாடி" என்றாள் ருசி பார்த்திருந்த தாய். "உங்கப்பாவையே சமாளிச்சவ பெத்த பொண்ணு நீ. ஆபீசெல்லாம் ஒரு கணக்கா?"

பெட்டியை யாரையும் தொட விடாமல் தானே தூக்கிக்கொண்டு, மகள் வண்டியில் ஏறிப் போயே விட்டாள்.

மாஸ்டர் விறுவிறுவென்று அடுப்படிக்குள் நுழைந்தார். அங்கே கடைக்கு வேண்டிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது.

"எங்க ஓடுறீங்க?"

"இரு, அடுப்ப அணைச்சிட்டு வந்து அழுவுறேன். சாயங்காலம் நாலு பேர் சாப்பிட வரணும்ல."

அணைத்தார். அண்டாவை இறுக்கி மூடினார். கொல்லைப்பக்கம் போய், மனைவி முந்தானையை வாங்கிக்கொண்டு, ஆசைதீர அழுதார்.